காயாத வார்னிஷ்

புக்கிட் ரோத்தான்
2 ஜூன் 2025

விமலனுக்கு,

அன்று அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது, எல்லாம் மறந்துபோச்சு என்று நாளைக்கு நீ யாரிடமும் சொல்லக்கூடாது. நீ. உன் பெண்டாட்டி தனேஸ்வரி. உன் மகள் நித்தியா. படகை விற்க வந்த பெர்னாட், நம் தோட்டத்தில் கணக்கு எழுதிய பழைய கிராணியின் மகன். உன் சின்னப் படகை ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்த உன் கூட்டாளி அட்ரியன். நான். உன் அப்பா. காலையில் ஏழு பேர் போனோம். சாயந்தரம் ஆறு பேர் உட்கார்ந்து அழுதோம். இல்லை, ஐந்து பேர். பெர்னாட் அழவில்லை. படகின் அடியில் கீறல் விழுந்ததா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் என் கோபம் இறங்கிவிடும். அதனால்தான் காகிதம். நாலாம் வகுப்புப் படிப்புதான், எழுத்து கோணலாக இருக்கும், எழுத்துக் கூட்டிப் படி.

நேற்று சபாக்கிலிருந்து கணேஸ்வரன் வந்திருந்தான். பெரியப்பா மகன் என்றாலும் மாதம் ஒரு தடவை வந்து பார்க்கிறான். அவன் போனில் ஒரு படம் காட்டினான். நீ ஏதோ ஒரு படகின்மேல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய். "அண்ணன் மறுபடியும் பெரிய படகு தேடுறாராம் சின்னம்மா" என்றான். சொல்லும்போதே அவனுக்கு வாய் கூசியது. உனக்குக் கால் கூசவில்லை.

நீ மறந்திருப்பாய், நான் சொல்கிறேன். பாசிர் பெனாம்பாங் பட்டறையில் சாயம் அடித்து இறக்கியிருந்த அந்த நீலப் படகு. அது உன் சின்னப் படகைவிட மெதுவாகப் போனால் வாங்கமாட்டாயாம், அதனால் இரண்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். ஏறும்போதே, "சும்மா கெடக்குற பாரமெல்லாம் வேணாம்மா, ஜெட்டிலயே வச்சிருவோம்" என்றாய். உன் அப்பாவின் சக்கர நாற்காலியைப் படகுத்துறைப் பலகைமேல் வைத்தாய். விடியுமுன் எழுந்து நான் செய்த சோறும் நெத்திலிச் சம்பாலும் இருந்த தூக்குச் சட்டியை அந்த நாற்காலியிலேயே வைத்தாய். ஒரு பக்கம் கைகால் விழுந்த மனுஷனை மட்டும் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கம் உட்கார வைத்தாய். அவர் பாரம் மட்டும் உனக்கு எதற்கோ வேண்டியிருந்தது.

கடலுக்குப் போனதும் படகு ஒரு பக்கம் படுத்தது. எனக்குக் குடல் புரண்டு வந்தது. நித்தியா என்னைக் கீழே அறைக்குள் இழுத்துப்போய் வாந்திக்குப் பேசின் பிடித்தாள். அதற்குப் பிறகு காதால் கேட்டதுதான். கேட்டது ஒன்றும் மறக்கவில்லை.

பெர்னாட் சொன்னான்: "பாஸ், தண்ணி எறங்குது லா. இப்ப திரும்பலன்னா ஆத்துக்குள்ள போக முடியாது. இதுக்கு அடி ஆழம்."

உன் பெண்டாட்டி கத்தினாள்: "திருப்புங்க! மாமாவப் பாருங்க!"

அப்போது நீ சிரித்தாய். தொண்டை கிழிகிற மாதிரி ஒரு சிரிப்பு. பலகைக்குக் கீழே வாந்திக்கு நடுவில் நான் அதைக் கேட்டேன். அட்ரியனை முந்திவிட்டாயாம், சிரித்தாய்.

திரும்பி வரும்போது ஆற்று வாயில் தண்ணீர் இல்லை. படகின் வயிற்றுக்குக் கீழே தொங்குகிற அந்த இரும்பு நாக்கு சேற்றில் குத்தி நின்றது. நான் மேலே ஏறி வந்தபோது உன் அப்பாவின் தலை தொங்கிவிட்டது. ஜெட்டி கண்ணுக்குத் தெரிகிறது. நாற்காலி தெரிகிறது. அதில் என் தூக்குச் சட்டி மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. போக முடியவில்லை. ஒரு சீனக் கிழவர் சேற்றில் தன் சம்பான் படகைத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து அவரை ஏற்றிப்போனார். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நோயாளி பெயர் கேட்டார்கள். கட்டின நாளிலிருந்து அந்தப் பெயரை என் வாயால் சொன்னதில்லை, அங்கேயும் சொல்லவில்லை. உன் பெண்டாட்டிதான் சொன்னாள். சொல்லி என்ன, போய்விட்டார்.

குளிப்பாட்டும்போது வலது கையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க வார்னிஷ். காயாத வார்னிஷ் ஒட்டித் தோலோடு காய்ந்திருந்தது. தேங்காய் எண்ணெய் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், போகவில்லை. பயத்தில் எந்தக் கம்பியையோ பலகையையோ அப்படிப் பிடித்திருக்கிறார். வாய் பேச வராத மனுஷன் வேறு என்ன செய்வார். அந்தக் கறையோடுதான் தீக்குப் போனார்.

வரும் ஆடியில் வருஷ திதி. இனிமேல் படகு வேண்டாம் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. வந்து உன் அப்பாவுக்கு நீயே பிண்டம் பிடி. இல்லையென்றால் கணேஸ்வரன் பிடிப்பான், நீ கடலில் பாய் பிடி.

நவமணி

*

கிள்ளான்
11 ஜூன் 2025

அம்மா,

கடிதம் கிடைத்தது. தனேஸ் படித்துவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

நீங்கள் எழுதியதெல்லாம் நடந்ததுதான். நீங்கள் எழுதாதது ஒன்றிரண்டு இருக்கிறது. அதை விடுங்கள்.

படகு ஏன் என்று கேட்கிறீர்கள், அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். என் சின்னப் படகு 'மின்னல்' ஒரு ரேஸ் படகு. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. கழிவறை என்பது ஒரு வாளி. ஆறு நாள் கப்பல் பட்டறையில் வேலை, ஏழாம் நாள் நானும் அட்ரியனும் கடலில். நித்தியா எப்போது வளர்ந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. தனேஸ் ஒரு நாள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "எங்கள விட்டுட்டு ஓடுறதுக்கு ஒரு படகு இந்த வீட்டுக்கு வேணாம். எல்லாரும் படுத்து எந்திரிக்கிற மாதிரி ஒன்னு வாங்குங்க. இல்லன்னா இதையும் வித்துட்டு வீட்ல உக்காருங்க." அவள் கேட்டதில் தப்பு இல்லை.

ஆனால் பெரிய படகு என்றால் பெரும்பாலும் மிதக்கிற வீடுதான். அன்றைக்கு முன்னால் நான் பார்த்த வெள்ளைப் படகு உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று அறை, கதவு வைத்த கழிவறை, குளிர்பெட்டி. அடியில், நீங்கள் இரும்பு நாக்கு என்று எழுதிய கீல், குட்டையாக இரண்டு. சேற்றில் உட்கார்ந்தால்கூட நாய்க்குட்டி மாதிரி நிமிர்ந்து உட்காரும். ஆனால் காற்று வந்தால் யோசித்துவிட்டுத்தான் நகரும். கட்டிலும் அலமாரியும் தண்ணீர்த் தொட்டியும் ஏற ஏறப் படகு செத்துப்போகிறது. பெர்னாட்டின் நீலப் படகு அதற்கு நேர் எதிர். நீளம், ஒல்லி, ஆழமான கீல். தண்ணீரைக் கத்தி மாதிரி அறுக்கும். அந்த ஆழம்தான் அதன் வேகம். அந்த ஆழம்தான் அன்று நம்மைச் சேற்றில் நிறுத்தியது.

இப்போது லங்காவியில் ஒன்று பார்த்திருக்கிறேன். நீலப் படகைவிடக் கொஞ்சம் நீளம், பின்பக்கம் அகலம். வெளிக்கூட்டின் எடை குறைவு. முக்கியமானது, அதன் கீலை உள்ளிருந்தே மேலே தூக்கிக்கொள்ளலாம். கடலில் இறக்கிவிட்டால் நீலப் படகின் வேகம் வரும். ஆற்று வாயில் தூக்கிக்கொண்டால் முழங்காலுக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர் இருந்தாலே ஜெட்டிக்கு வந்துவிடும். இன்னும் முடிவு செய்யவில்லை.

உள்ளே எப்படி இருக்கும் என்று வரைந்து அனுப்புகிறேன். நடுவில், படிக்குப் பக்கத்தில், சிவப்புப் பென்சிலால் காட்டியிருப்பது உங்கள் கட்டில். படகில் ஆட்டம் குறைவான இடம் அதுதான். வாந்தி வராது. மேலே சின்ன ஜன்னல் இருக்கிறது.

திதிக்கு நான் வர வேண்டும் அம்மா. படகையும் திதியையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

விமலன்

*

புக்கிட் ரோத்தான்
19 ஜூன் 2025

விமலனுக்கு,

படம் வந்தது. நீ சின்ன வயதிலிருந்தே படம் நன்றாகப் போடுவாய். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சிவப்புக் கட்டிலைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டேன். ஓட்டை வழியாகப் பார், அந்தப் பக்கம் தெரியும். பாரம் குறைந்தது. இனி வேகமாகப் போகும்.

நவமணி

*

கிள்ளான்
30 ஜூன் 2025

அம்மா,

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள்?

போன சனிக்கிழமை எங்களுக்குத் தெரியாமல் பஸ் ஏறி உங்களிடம் வந்திருக்கிறாள். கேக் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், அவளுடைய சொந்தக் காசில். நீங்கள் கேட்டைத் திறக்கவே இல்லை. கம்பி வழியாகவே, "அன்னிக்கு எனக்குப் பேசின் புடிச்சிக்கிட்டு நின்னியே, அந்த நேரம் மேல ஏறித் தாத்தாவப் பாத்திருந்தா மனுஷன் உசுரோட இருந்திருப்பாரு. நீயும்தான்டி கொன்ன" என்று சொல்லியிருக்கிறீர்கள். வார்த்தை மாறாமல் அவள் சொன்னாள். உங்கள் பேத்திதானே, அவளும் மறக்கமாட்டாள்.

மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தனேஸ் உங்கள் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறாள். அவள் சொன்னது இது: "ஒங்கம்மா வாந்தி எடுத்தப்ப தலமுடிய ஒதுக்கிப் புடிச்சது யாரு? எம் பொண்ணு. அதுக்குக் கூலி குடுத்துட்டாங்க."  

நான் முடிவு செய்துவிட்டேன். லங்காவிப் படகை எடுத்துவிட்டேன். நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னீர்கள், இதுதான் அந்த வரி. தனேஸும் கூட வந்து பார்த்தாள். அவளும் நானும் அலமாரிகளுக்காக ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டோம். அவள் ஒரு அலமாரியை விட்டுக்கொடுத்தாள், நான் முன் பக்கத்து நங்கூரச் சங்கிலியில் பாதியை விட்டுக்கொடுத்தேன். கனமானதெல்லாம் நடுவில், முனைகளில் ஒன்றும் இல்லை. ஓட்டிப் பார்த்தோம். கட்டில், அடுப்பு, நிறைந்த தண்ணீர்த் தொட்டி, நித்தியாவின் பள்ளிப் புத்தகங்கள் எல்லாவற்றோடும் மின்னலை முந்தியது. கதவு வைத்த கழிவறையோடு முந்தியது. கீலைத் தூக்கியபோது கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே அப்பாவை நினைத்தேன். அன்று இது இருந்திருந்தால்.

பின்பக்கத்தில் அப்பா பெயரை எழுதப் போகிறேன்.

திதி எந்த நாள் என்று ஐயரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

விமலன்

*

புக்கிட் ரோத்தான்
6 ஜூலை 2025

விமலனுக்கு,

பேத்தியிடம் சொன்னதைச் சொன்னேன். கேக்கை எறும்பு தின்றது.

உன் பெண்டாட்டி கூலி என்கிறாளா? கூலி என்றால் என்னவென்று அவளுக்கு என்ன தெரியும்? பெர்னாட்டின் அப்பன் கிராணியாக இருந்தபோது, நான் ரப்பர் பால் வாளியை நிறுவைக்குக் கொண்டுபோனால், "மழைத் தண்ணி கலந்திருக்கு" என்று நெருப்பாய்க் காய்ந்த வெயில் நாளிலும் கழிப்பான். அப்போது நீ என் வயிற்றில் எட்டு மாதம். அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டே கழிப்பான். அவன் மகனிடம் போய் நீ படகு பார்த்தாய். ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லை. அன்றைக்கே சொன்னேன், "அந்த வீட்டு மரத்துல ஏறாதடா, முறியும்" என்று. "அம்மா, அதெல்லாம் பழைய கதை லா" என்றாய். உனக்குத்தான் பழைய கதை.

கீலைத் தூக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பாவைக் கொன்றுதான் அதைக் கற்றுக்கொண்டாயா? சேறு இருக்கிறது என்று தெரிய ஒரு பிணம் வேண்டியிருந்ததா? ஆற்று வாயில் சேறு இருப்பது புக்கிட் ரோத்தான் மாட்டுக்குக்கூடத் தெரியும்.

நான் செய்ததைக் கேட்டுக்கொள். வாதம் வந்து விழுந்த நாளிலிருந்து எச்சில் துடைத்தவள் நான். கஞ்சியை ஊதி ஊட்டியவள் நான். பேச்சு போன பிறகு அவர் கண்ணைப் பார்த்தே என்ன வேண்டும் என்று கண்டுபிடித்தவள் நான். லோரி ஓட்டின கை, வீட்டில் சும்மா இருக்காமல் மோட்டார்சைக்கிள் சாவியைத் தேடும். விழுந்து சாகக்கூடாதே என்று சாவியை அரிசித் தவலையில் போட்டு மறைத்தவளும் நான்தான். அந்த மனுஷன் தண்ணீருக்கு நடுவில் உயிர் போகிறபோது யாரைத் தேடியிருப்பார்? வாய் இருந்தால் என் பெயரைத்தான் கூப்பிட்டிருப்பார். நான் பலகைக்குக் கீழே கிடந்தேன். நீ மேலே சிரித்தாய். அவர் எதையோ பிடித்துக்கொண்டு என்னைத் தேடித் தேடிச் செத்தார். அந்த உள்ளங்கைதான் சாட்சி.

திதி நாள் உனக்குத் தேவை இல்லை. கணேஸ்வரனிடம் சொல்லிவிட்டேன். வேட்டிகூட எடுத்துவிட்டான். கேட்டுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறேன். வந்தால் பூட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

படகின் முதுகில் அவர் பெயரை எழுதினால் உன் கையில் புழு வைக்கட்டும்.

நவமணி

*

கிள்ளான்
12 ஜூலை 2025

அம்மா,

இதை எழுதக்கூடாது என்று ஒரு வருடம் இருந்தேன். தனேஸையும் சொல்லவிடவில்லை. பெர்னாட்டிடமும் அட்ரியனிடமும் சத்தியம் வாங்கினேன். இப்போது எழுதுகிறேன். நித்தியாவுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். முழுக்க அது மட்டும் இல்லை. உங்களுக்கு வலிக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

நீலப் படகில் வட்டச் சக்கரம் கிடையாது. பின்னால் நீளமாக ஒரு மரக்கட்டை, அதுதான் சுக்கான் பிடி. பட்டறையில் முதல்நாள்தான் அதற்கு வார்னிஷ் அடித்திருந்தார்கள். அப்பாவை உட்கார வைத்த இடத்தில் அந்தக் கட்டை அவர் மடிக்கு நேராக வந்து நிற்கும். நான் மறுபக்கம் இருந்து அதைப் பிடித்திருந்தேன்.

கரை மறைந்ததும் அப்பா வலது கையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். பெர்னாட், "முருகையாண்ணே, வார்னிஷ் இன்னும் காயல, கையில ஒட்டிக்கும்" என்றான். எடுக்கவில்லை. விரல்களை மடக்கிப் பிடித்தார். நான் மெல்ல என் கையை எடுத்துக்கொண்டேன். கோணலாகத்தான் ஓட்டினார். ஒரு தடவை பாய் படபடவென்று அடித்தது. ஆனால் ஓட்டினார். அட்ரியனை முந்தியது நான் இல்லை.

பெர்னாட் தண்ணீர் இறங்குகிறது என்று சொன்னபோது திருப்பலாம் என்று கட்டையில் கை வைத்தேன். அப்பா விடவில்லை. அவருடைய நல்ல தோளால் என்னை இடித்துத் தள்ளினார். உங்களுக்குத் தெரியுமே, அந்தத் தோள் எவ்வளவு பலம் என்று. தனேஸ் கத்தியது அதைப் பார்த்துத்தான். ஒரு கை விழுந்தவரின் விரல்களைப் பிரிப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை. பிரிக்கவில்லை. எனக்கும் இன்னும் கொஞ்சம் போக ஆசையாக இருந்தது. அது என் பங்கு. அதற்கு நீங்கள் என்னை எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

சிரித்தது நான் இல்லை அம்மா.

நான் அவர் காதில் கேட்டேன்: "அம்மா கீழ வாந்தி எடுக்குறாங்கப்பா. அம்மாவக் கூப்புடவா? கரைக்குப் போயிருவோமா?" அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் கடலைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. இரண்டு தடவை ஆட்டினார்.

அவர் உங்களைத் தேடவில்லை.

ஆற்று வாயில் நின்ற பிறகுதான் தலை சாய்ந்தது. அப்போதும் கட்டையை விடவில்லை. நீங்கள் மேலே வருவதற்குள் விரல்களை நான்தான் பிரித்தேன். தோல் கொஞ்சம் உரிந்து வந்தது.

வீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள், "என்னத் தேடியிருப்பாரு, என்னத் தேடியிருப்பாரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். வந்தவர்கள் எல்லாம் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்றார்கள். அதைத் தட்டிப் பறிக்க எனக்கு வாய் வரவில்லை. கொலைகாரன் என்ற பெயரை வாங்கிக்கொண்டேன். அது எனக்கு லேசாக இருந்தது. ஆனால் அதை என் மகள் தலையிலும் வைத்தீர்கள்.

நீங்கள் நம்பவேண்டியதில்லை. நீலப் படகு இன்னும் விற்கவில்லை, பட்டறையில்தான் கிடக்கிறது. அந்தக் கட்டையைப் போய்ப் பாருங்கள். ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. பெர்னாட் அதை இழைக்கவும் இல்லை, மறுபடி வார்னிஷ் அடிக்கவும் இல்லை.

விமலன்

*

புக்கிட் ரோத்தான்
24 ஜூலை 2025

விமலனுக்கு,

திதி ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு முன்னால் வந்துவிடு. பூட்டை எடுத்துவிட்டேன். கணேஸ்வரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொண்டான், வேட்டிக்குக் கொடுத்த காசையெல்லாம் சொல்லிக் காட்டினான். சமாதானம் பண்ணுவது உன் வேலை.

பட்டறைக்குப் போனேன். கணேஸ்வரன் காரில்தான் போனேன், ஏன் எதற்கு என்று அவனிடம் சொல்லவில்லை. பெர்னாட் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "வாங்க ஆன்ட்டி, உக்காருங்க ஆன்ட்டி" என்று நாற்காலி போட்டான். அவன் அப்பன் எனக்கு ஒரு நாளும் நாற்காலி போட்டதில்லை. நான் உட்காரவில்லை. ஏணி வைத்து ஏறினேன். என் வயதில் ஏறினேன் என்று ஊரெல்லாம் சொல்லப்போகிறான்.

கட்டையைப் பார்த்தேன். என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என் விரல் அந்தப் பள்ளத்தில் சேரவில்லை. அவருக்குப் பெரிய கை. அப்படி அமுக்கிப் பிடித்திருக்கிறார். பயந்தவன் பிடி அப்படி இருக்காது. பயந்தால் விரல் நகரும், நகத்தால் பிறாண்டும். பிறாண்டல் ஒன்றும் இல்லை. சுத்தமான ஐந்து விரல்.

அந்தச் சிரிப்பை யோசித்துப் பார்த்தேன். உன்னுடையது என்று ஒரு வருடம் நினைத்திருந்தேன். நீ அப்படிச் சிரிக்கிறவன் இல்லை, உனக்கு என் மூக்கு, என் சிரிப்பு, மூக்கால் வரும். அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். தோட்டத்துக்குப் புது லோரி வந்து, அதன் சாவியை ஆள் மேய்க்கிற மண்டோர் அவர் கையில் கொடுத்த அன்று. லயத்து வாசலில் நின்று கேட்டேன். கல்யாணத்தன்று சிரிக்கவில்லை. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்று சொல்லிப் போனார், ஏதோ மாங்காய் வாங்க வந்த மாதிரி. என்னிடம் அப்படிச் சிரித்ததே இல்லை. அதனால்தான் கேட்டபோது அடையாளம் தெரியவில்லை. கூட வாழ்ந்த மனுஷன் சிரிப்பு எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இரண்டு தடவை தலையை ஆட்டினார் என்று எழுதியிருக்கிறாய். ஒரு தடவை என்று எழுதியிருக்கலாம். உனக்கு என் குணம்.

இனி நான் சொல்வதைக் கேள். பெர்னாட்டை விட்டுவிட்டேன், கிராணியைத்தான் விடவில்லை, அவன் செத்து முப்பது வருடம் ஆனாலும். அட்ரியன் பக்கத்துப் படகில் இருந்தவன், அவன் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை, போகட்டும். உன் பெண்டாட்டி வந்தால் வரட்டும், அடுப்படிப் பக்கம் வரவேண்டாம், நானே சமைக்கிறேன். நித்தியாவைக் கூட்டிக்கொண்டு வா. நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, அது அவளுக்குத் தெரியவேண்டாம். வாழைப்பழம் நறுக்கிப் பீசாங் கோரேங் பொரித்து வைக்கிறேன். சாப்பிடாவிட்டால் நானே வாயைத் திறந்து ஊட்டுவேன் என்று சொல்.

நீ பிண்டம் பிடி. விரல்களைப் பிரிக்காமல் விட்டது நீதான். அதை ஐயர் மந்திரத்தால் கழுவமுடியாது. ஆனாலும் அவர் பிள்ளை நீதான், வேறு ஆள் இல்லை. கட்டிலை வெட்டிய படத்தை நீ எடுத்து வைத்திருந்தால் கொண்டுவராதே. நான் படகில் ஏறமாட்டேன். சிவப்பு, பச்சை, எந்தக் கட்டிலும் வேண்டாம். கடலில் போய் ஆட்டம் குறைவான இடத்தில் படுக்கிறதற்குப் பதில் எனக்கு இந்த வீட்டுத் தரை போதும்.

சமையல் எல்லாம் முறைப்படி செய்வேன். ஊர் குறை சொல்லாது. ஆனால் நெத்திலிச் சம்பால் வைக்கமாட்டேன். அவருக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அன்று ஜெட்டி நாற்காலியில் காத்துக்கொண்டிருந்ததே, வந்து சாப்பிட்டிருக்கலாம். படையல் போடும்போது நான் வெளியே வரமாட்டேன். எனக்கு முட்டி வலி என்று வந்தவர்களிடம் சொல்.

படகின் பின்னால் பெயர் எழுதவேண்டாம் என்று சாபம் விட்டேன். அதை எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒன்றை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். எழுது. பெரிய எழுத்தில் எழுது. அந்த இடத்தில்தான் அவர் இருக்க விரும்பினார்.

எச்சில் துடைத்தது, கஞ்சி ஊதியது, மலம் அள்ளியது எல்லாம் என் கை. மிச்சமிருந்த ஒரு நல்ல கையை அவர் எதற்கு வைத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. கரைக்குப் போகலாமா என்று கேட்டதற்கு, கீழே நான் கிடக்கிறேன் என்று தெரிந்தும், வேண்டாம் என்று சொல்வதற்கு வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில்கூடச் சொல்லாத பெயர். தாலி கட்டியவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்தாள், அதனால் ஐம்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனிமேல் குறைய ஒன்றும் இல்லை. நீ படகில் எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன். அன்று அங்கே இருந்தவர்களில் நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான்.

முருகையா.